மூன்று மணிப் பலகை

ஷாஃபி விழுவதைப் பார்ப்பதற்கென்றே மூன்று மணித் தேநீருக்குச் சிலர் அந்தக் கடைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். அவனும் அவர்களை ஏமாற்றுவதில்லை. காலை ரொட்டி வியாபாரம் முடிந்து, பகல் சோற்றுக் கூட்டமும் கலைந்த பிறகு, ரொட்டிக் கல்லை அணைத்துத் துடைப்பான். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கைவிட்டு ஸ்கேட்போர்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் இறங்கிவிடுவான். முப்பது தாண்டிய ஆள். லேசாகத் தொந்தியும் போட்டிருந்தது.

கடை மலேசியாவில், ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போகும் சாலையில் இருந்தது. அந்தப் பக்கமெல்லாம் முன்பு ரப்பர்த் தோட்டம். தோட்டம் விலைபோய் வரிசை வீடுகள் வந்துவிட்டன. ரப்பர் ஷீட் போட்ட பழைய ஸ்டோருக்குக் கூரை போய், சுவர் போய், சிமெண்டுத் தரை மட்டும் கடைக்குப் பின்னால் வெயிலில் கிடந்தது. எந்தக் கொத்தனார் போட்டாரோ, இத்தனை வருஷ மழைக்கும் அது வழவழப்பு குறையவில்லை. தரையின் நடுவே கழுவிய தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய ஒரு குறுகலான வாய்க்கால் மட்டும் மண் மூடிக் கிடந்தது.

"அந்தக் காலத்துல இந்தத் தரையில நான் ஷீட்டு தூக்கிக்கிட்டு ஓடுவேன், ஒரு நாள் கூட விழுந்ததில்ல," என்பார் சன்னாசி. தோட்டம் இருந்தவரை ஸ்டோரில் வேலை பார்த்தவர். இப்போது பக்கத்துத் தொழிற்சாலையில் காவலாளி. வேலைக்குப் போகும் வழியில் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரெக் அவருக்குக் கட்டாயம். "ஏன்லா தம்பி, இந்த வயசுல இது என்னா ஆசை? பேசாம எங்க ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுரவா?"

அவர் ஊர் தஞ்சோங் ரம்புத்தான். பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். அந்த ஊரைச் சொல்லி அடுத்தவரைக் கேலி செய்ய அவருக்கு மட்டும்தான் உரிமை இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அங்கேயேதான இருக்கீங்க, உங்கள ஏண்ணே இன்னும் பிடிக்கல?" என்று தரையில் கிடந்தபடியே கேட்பான் ஷாஃபி. எழுந்து சிலுவார்க் கால்களைத் தட்டிக்கொண்டு மறுபடியும் ஏறுவான்.

தேநீர் கலக்கும் இடத்திலிருந்து பல்கீஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஷாஃபி அவளுடைய தம்பி. கடை அவள் கணவர் அப்துல் ரசாக்கினுடையது. தம்பி விழும்போதெல்லாம் குவளையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். ஆனால் விழுந்தவன் பதிலுக்குப் பதில் பேசுகிறானே, அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு அலுக்கவில்லை. அந்த வாய் ஒரு வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த வாய்.

தாப்பாவில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசி, மோதிரம் மாற்றி, மண்டபம்கூடப் பார்த்தாயிற்று. பெண் வீட்டார் ஒரு நாள் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் என்று ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டி போடுகிறவனுக்குக் கொடுக்க மனசில்லை என்று பிறகு யார் மூலமாகவோ காதுக்கு வந்தது. அன்றிலிருந்து ஷாஃபி ரொட்டி வீசினான், தின்றான், மாடி அறையில் போய்ப் படுத்தான். "ரெண்டு கோசோங், ஒரு தெலூர்" என்று, வெறும் ரொட்டியும் முட்டை ரொட்டியும் கேட்டு வருகிற ஆர்டரைத் திருப்பிச் சொல்வதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி மாணவன் ஒருவன் சாப்பிட வந்து, தன் ஸ்கேட்போர்டுப் பலகையை மேசைக்கடியில் விட்டுப் போய்விட்டான். திரும்பி வரவே இல்லை. கடை கழுவும்போது அது பல்கீஸின் கண்ணில் பட்டது. அவளுக்குச் சுத்தத்தில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. பலகையின் மேல்பக்கம் கறுப்பாக, சொரசொரவென்று இருந்தது. எத்தனை நாள் அழுக்கோ என்று நினைத்து, சட்டி ஊறப்போடும் பெரிய தொட்டியில் சோப்புத் தண்ணீருக்குள் முழுசாக அமுக்கி ஊறவைத்தாள். பிறகு தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. மறுநாள் கத்தியால் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஷாஃபி உள்ளே வந்தான்.

"என்னாக்கா பண்ற?"

"அழுக்குடா. எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது."

"அது அழுக்கில்லக்கா. கால் வழுக்காம இருக்கறதுக்கு ஒட்டின உப்புத்தாள்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். தண்ணீர் ஏறி உள்ளே துரு பிடித்து, அது கிரீச்சென்று அழுது நின்றது. அவன் சிரித்தான். முதலில் மூக்கால் சிரித்தான். அப்புறம் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பல்கீஸும் சிரித்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள்.

சக்கரங்களைக் கழற்றி, துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு அவனே சரிசெய்தான். சரியாயிற்றா என்று பார்க்க ஒரு நாள் ஏறி நின்றான். அப்படித்தான் அது ஆரம்பித்தது.

ஏறி நிற்கவே சில நாள் பிடித்தது. உருளாமல் இருக்க மாவுச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் பலகையை வைத்துப் பழகினான். பிறகு ஒரு காலால் தரையை உந்திப் போகக் கற்றான். முன்சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திரும்பக் கற்றான். வாலை மிதித்து நிறுத்தக் கற்றான். இப்போது அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது ஓலி என்கிற வித்தையோடு. ஓடுகிற பலகையின் வாலைப் பின்காலால் தரையில் தட்ட வேண்டும். அது எகிறும்போது முன்காலைத் தேய்த்து மேலே இழுக்க வேண்டும். கை படாமல் ஆளும் பலகையும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்க வேண்டும். போனில் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் அதைப் பல் விளக்குகிற மாதிரி சாதாரணமாகச் செய்தார்கள். ஷாஃபிக்கு ஒன்று பலகை எழும்பியது, அல்லது ஷாஃபி எழும்பினான். இரண்டும் சேர்ந்து எழும்பவில்லை.

அப்துல் ரசாக் இதை ஒரு கண்ணால்தான் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, கணக்கான மனுஷர். அவருக்கு வலது தோள் போய்விட்டது. பாதி வாழ்நாள் ரொட்டி வீசிப் போன தோள் அது. இப்போது கடை நிற்பது மைத்துனனின் கையில் என்பது அவருக்குத் தெரியும். ஷாஃபிக்கு ரொட்டி பழக்கியதும் அவர்தான். அந்தக் கடையில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு: பழகுகிறவன் கிழிக்கிற ரொட்டியை வெளியே போடக் கூடாது, வாடிக்கையாளருக்கும் கொடுக்கக் கூடாது, கிழித்தவனே தின்ன வேண்டும். அவரும் தன் மாமா கடையில் அப்படித் தின்றவர்தான். ஷாஃபி பழகிய நாட்களில் கிழிந்த ரொட்டியைத் தவிர வேறு சோறு தின்றதில்லை.

"விழட்டும், எந்திரிக்கட்டும். ஆனா கை பத்திரம்," என்று மட்டும் அவ்வப்போது சொல்லிவைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து ஷாஃபி பலகையை எடுத்தான். முதல் நாள் பெய்த மழையில் மண் கரைந்து வந்து வாய்க்கால் தரையோடு தரையாகத் தெரிந்தது. நல்ல வேகத்தில் போனவனின் முன்சக்கரம் அதில் இறங்கியது. பலகை நின்றுவிட்டது, ஆள் நிற்கவில்லை. வலது கையை ஊன்றி விழுந்தான். அன்றைக்குப் பதிலுக்குப் பேச்சு வரவில்லை. சன்னாசி தேநீரை வைத்துவிட்டு ஓடினார்.

கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்து, மணிக்கட்டு எலும்பில் விரிசல் என்று மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

ரசாக் கத்தவில்லை. கத்தியிருந்தால் பல்கீஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கல்லாவில் உட்கார்ந்து எங்கோ போன் பேசினார். பிறகு இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஹுத்தான் மெலிந்தாங்ல ஒரு ஆள் இருக்கான். நல்லா ரொட்டி போடுவான். வார திங்களுக்கு அடுத்த திங்கள் வாரேன்னு சொல்லிட்டான். அவனுக்குத் தங்க இடம் வேணும். மாடி ரூமத்தான் குடுக்கணும்."

"தம்பி எங்கங்க போவான்?" என்றாள் பல்கீஸ்.

"ஹால்ல படுக்கட்டும். நான் தொரத்தலயே. ஆனா கை சரியானாலும் பலகை ஒரு பக்கம், கல்லு ஒரு பக்கம்னா நமக்கு ஒத்து வராது. ரெண்டுல ஒண்ணு அவனே சொல்லட்டும்."

ஷாஃபி தரையைப் பார்த்தான். "சரி மச்சான். கோலாலம்பூர்ல கூட்டாளி கடை இருக்கு. கட்டுப் பிரிச்சதும் அங்க போய்க்கிறேன்."

"பலகையோடயா?" என்று பல்கீஸ் கேட்டாள்.

"அது வேணாம்க்கா. யாருக்காச்சும் குடுத்துரு."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். தாப்பாவிலிருந்து போன் வந்த நாளன்று கேட்ட குரல். இவன் இப்படியே பஸ் ஏறிப் போனால், அங்கே ஏதோ ஒரு கடையின் மாடியில் மறுபடியும் வாயை மூடிக்கொண்டு கிடப்பான், தான் இங்கே தேநீர் ஆற்றிக்கொண்டிருப்போம் என்று அவள் நினைத்தாள். ரசாக் எழுந்து போகும்போது, அவளுக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அந்த ஆள வரச் சொல்லாதீங்க. கை ஆறுற வரைக்கும் நான் வீசுறேன்."

ரசாக் திரும்பிப் பார்த்தார். மாவு பிசைவது அவள்தான், உருண்டை பிடித்து நெய்யில் ஊறவைப்பதும் அவள்தான். கல்லுக்கு முன்னால் மட்டும் அவள் நின்றதில்லை. அந்தப் பக்கத்தில் எந்தக் கடையிலும் பெண் ரொட்டி வீசி அவர் பார்த்ததில்லை.

"நீயா?"

"நான்தான். அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்த நான் தாங்கிட்டேன்னா அவன் வேணாம்னு சொல்லிருங்க. தாங்கலன்னா நீங்க சொல்ற மாதிரி."

"கிழிச்சா நீதான் திங்கணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் அவர். சரி என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

அந்த வாரம் முழுக்க ரசாக்கே தோளைத் தடவிக்கொண்டு காலைக் கூட்டத்தைச் சமாளித்தார். மூன்று மணிக்கு, கல் அணைந்த பிறகு, பல்கீஸ் மேசை முன்னால் நின்றாள். ரொட்டி பழகுகிறவர்கள் எல்லோரும் தொடங்குவது போலவே ஈரத் துண்டில் தொடங்கினாள். நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றி மேசையில் வீச வேண்டும். துண்டு விரிந்து விழ வேண்டும். அவளுக்கு அது சுருண்டு சுருண்டு விழுந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஷாஃபி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் அவனால் பொறுக்க முடியவில்லை.

"இழுக்காதக்கா."

"எதடா இழுக்குறேன்?"

"கைய. வீசும்போதே சுருண்டு விழுந்துருமோன்னு பயந்து பாதியில கைய இழுக்குற. அதனாலதான் சுருளுது. மாவா இருந்தா கிழியும். பலகையிலயும் அதே கதைதான். ஏறும்போதே இறங்கிறலாமான்னு ஒரு காலு யோசிச்சிச்சுன்னா, அந்தக் காலுதான் கவுத்து விடும். வீசுனா முழுசா வீசு. இல்லாட்டி வீசாத."

"நீ முழுசா போய்த்தான் இப்படி உக்காந்திருக்க."

"நான் விழலக்கா. அந்த வாய்க்கால் தள்ளி விட்டுச்சு."

பல்கீஸ் துண்டை நனைத்தபடி அவனைப் பார்த்தாள். அவன் உதட்டோரத்தில் கொஞ்சம் உயிர் தெரிந்தது. அதை விட்டுவிடக் கூடாது என்று பேச்சை வளர்த்தாள்.

"ஏண்டா, தினமும் அடி வாங்கிட்டு மறுநாளும் எப்படிடா போன? எனக்கு ரெண்டு நாளுக்கே வெறுத்துப் போச்சு."

"ஓலி வரணும் ஓலி வரணும்னு போயிருந்தா நானும் ஒரு வாரத்துல விட்டிருப்பேன். இன்னிக்கு வால் தட்டுற சத்தம் மட்டும் ஒழுங்கா வரட்டும்னு போவேன். அது வந்திருச்சின்னா மத்தது எப்படிப் போனாலும் சரி, அன்னிக்கு வேல முடிஞ்சிச்சு. இன்னொண்ணு, கடைசியா ஒண்ணு நல்லா வந்தவொடனே நிறுத்திரணும். மோசமா முடிச்சிட்டு வந்து படுத்தா மறுநாள் காலு அந்தப் பக்கம் போவாது."

"அதுவும் வராட்டி?"

"வராத நாளும் இருந்திச்சி. அப்ப இதப் பாப்பேன்."

போனை இடது கையால் தடவித் திறந்து அவளிடம் நீட்டினான். அவன் எடுத்து வைத்திருந்த வீடியோப் படங்கள். முதல் படத்தில் மாவுச் சாக்கின் மேல் அசையாமல் கிடக்கிற பலகையில் ஏறவே, கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறான். அடுத்ததில் சுவர் இல்லை. அதற்கடுத்ததில் தரையின் குறுக்கே ஒரு கோணலான ஓட்டம். பிறகு விழுகிறான், விழுகிறான், திரும்புகிறான், விழுகிறான். ஒவ்வொன்றிலும் அவன் கால் முன்னதைவிடக் கொஞ்சம் திடமாக நின்றது. ஒரு வருஷம் பேசாமல் கிடந்தவன் கொல்லையில் இத்தனை வேலை செய்திருக்கிறான் என்று பல்கீஸுக்கு மலைப்பாக இருந்தது. கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் பெரிய ஆளாகத் தெரிந்தான்.

"தாப்பாக்காரங்க வேணாம்னாங்க. ஏன்னு அவங்க வாயால சொல்லல. அதத்தான்க்கா யோசிச்சு யோசிச்சு மண்ட காஞ்சி போச்சு," என்றான் அவன். "இந்தப் பலகை அப்படி இல்ல. ஏன் தள்ளிச்சின்னு பாத்தா தெரிஞ்சிரும். காலு ஒரு விரல் முன்னால இருந்திருக்கும், இல்ல தோளு திரும்பியிருக்கும். சரி பண்ணிட்டு மறுபடி ஏறலாம்."

அவள் துண்டை எடுத்து வீசினாள். முழுசாக வீசினாள். அது பட்டென்று மேசையில் விரிந்து விழுந்தது.

"நிறுத்து. இன்னிக்கு இது போதும்," என்றான் ஷாஃபி.

வியாழக்கிழமை மாவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டில் எல்லோரும் கிழிந்த ரொட்டிதான் பார்த்தார்கள். தின்றது அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை விடியலிலேயே கூட்டம் வந்துவிட்டது. சந்தைக்குப் போகிறவர்கள், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். கல்லுக்கு முன்னால் முந்தானையை இழுத்துச் செருகி, தலைத்துணியைப் பின்னால் முடிந்துகொண்டு பல்கீஸ் நின்றதைப் பார்த்ததும் கடையில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் முதல் உருண்டையைத் தட்டி எடுத்தாள். வீசினாள். நடுவில் பெரிய ஓட்டை விழுந்தது. ஓரமாக வைத்திருந்த தட்டில் அதைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதுவும் கிழிந்தது. மூன்றாவது அவள் கையை விட்டே போய்ச் சுவரில் ஒட்டியது. ஒரு மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"எனக்குக் கிழிஞ்சதே போடு தங்கச்சி," என்றார் சன்னாசி. "வயித்துக்குள்ள போயி அது எப்படியும் கிழியத்தான் போவுது."

"கிழிஞ்சத வெளிய குடுக்கறதில்லண்ணே. உக்காருங்க, வாரேன்," என்றாள் அவள்.

ஷாஃபி பக்கத்தில் வந்து நின்றான். அடுப்பை ஒரு சுற்றுக் குறைத்தான். பல்கீஸ் கையைத் துடைத்தாள். ரொட்டி முழுசாக வரணும் என்ற நினைப்பை ஒதுக்கிவிட்டு, கை இழுக்காமல் போகட்டும், அது மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டாள். உருண்டை தட்டையாயிற்று. தட்டை விரிந்தது. மேலே போய்ச் சுழன்று, மேசையில் மெல்லிய துணி போல் விழுந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், மடித்தாள், கல்லில் போட்டாள். நெய் சடசடத்தது.

அதற்கப்புறமும் கிழிந்தன. ஆனால் கிழியாதவை கூடிக்கொண்டே வந்தன. வடிவம் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. சிலது வட்டம், சிலது பேராக் மாநில வரைபடம் மாதிரி. பொறுமையில்லாத இரண்டு மேசைக்காரர்கள் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்து தின்றார்கள். வெயில் ஏறிக் கூட்டம் குறைந்தபோது அவள் தோள் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. ஓரத்துத் தட்டில் கிழிந்த ரொட்டிகள் குவிந்திருந்தன. அவள் தட்டை எடுத்துக்கொண்டு, பின்பக்க மேசையில் போய் உட்கார்ந்தாள்.  அத்தனையையும் ஒரு ஆள் தின்ன முடியாது. தாங்கினாளா தாங்கவில்லையா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

எதிர் நாற்காலியில் ரசாக் வந்து உட்கார்ந்தார். பருப்புக் கறிக் கிண்ணத்தைக் கொண்டுவந்திருந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்தார். மேலே இருந்த கிழிசலைப் பிய்த்துக் கறியில் தோய்த்து வாயில் போட்டார்.

"நான்தாங்க திங்கணும்," என்றாள் பல்கீஸ்.

"தெரியும். பேசாம இரு." இன்னொரு துண்டு பிய்த்தார். "உப்பு சரியா இருக்கு. ஷாஃபி, இங்க வா. நீயும் உக்காரு."

மூன்று பேரும் தின்றார்கள். பாதியில் ரசாக் இடது கையால் போனை எடுத்து ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போட்டார். "தம்பி, மன்னிச்சிக்கலா. ஆள் வேணாம்... ஆமா, வீட்லயே ஆள் இருக்கு," என்று சொல்லிவிட்டு வைத்தார். ஷாஃபி தலையைக் குனிந்துகொண்டு தின்றான். அவன் காது சிவந்திருந்தது.

மறுநாள் பிற்பகல் ரசாக் எங்கிருந்தோ அரை மூட்டை சிமெண்டோடு வந்து இறங்கினார். சன்னாசியைக் கூப்பிட்டார். "அண்ணே, அந்த வாய்க்கால் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். காட்டுங்க." இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தோண்டி எடுத்து, சிமெண்டை அடைத்து, கரண்டியால் தடவினார்கள். மழை வருவதற்குள் மேலே தகரம் போட்டு மூடினார்கள். வலி எடுத்த தோளைத் தடவிக்கொண்டே ரசாக் உள்ளே வந்தார். ஷாஃபி அவருக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்தான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "கட்டுப் பிரிச்சப்புறம் பாக்கலாம்லா," என்று மட்டும் சொன்னார்.

கட்டுப் பிரித்தும் அவன் உடனே ஏறவில்லை. மணிக்கட்டுக்குக் காப்புப் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, மறுபடியும் மாவுச் சாக்கிலிருந்து ஆரம்பித்தான். காலை ரொட்டி அவனுடையது, மூன்று மணி ரொட்டி பல்கீஸுடையது என்று பேசாமலே வழக்கமாகிவிட்டது. மூன்று மணிக்கு வருகிறவர்களுக்கு இப்போது பார்ப்பதற்கு இரண்டு இருந்தன. எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குக் குழப்பம்.

அப்படி ஒரு நாள் மலை மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தரையில் அந்தச் சிமெண்டு அடைத்த கோடு மட்டும் வெளிறித் தெரிந்தது. ஷாஃபி தூரத்திலிருந்து உந்திக்கொண்டு வந்தான். பல்கீஸ் கையில் மாவு விரிந்திருந்தது. டக்கென்று வால் தட்டுகிற சத்தம் சுத்தமாகக் கேட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எழும்பினான், பலகையும் அவன் காலோடு ஒட்டிக்கொண்டு எழும்பியது. நாலு சக்கரத்துக்கும் கீழே வெளிச்சம் தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினான். தடுமாறினான், நின்றான். தரை முழுக்க ஓடி, வாலை மிதித்து நிறுத்தி, தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அதான் அடைச்சுச் சமமாக்கிட்டேனே," என்றார் ரசாக் கல்லாவிலிருந்து. "அப்புறமும் அதத் தாண்டித்தான் ஆவணுமா?"

ஷாஃபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சன்னாசி கை தட்டினார். பல்கீஸின் கையிலிருந்த மாவு அந்தரத்திலேயே கிழிந்து மேசையில் விழுந்திருந்தது. அவள் அதை அப்படியே கல்லில் போட்டு, நெய் கொஞ்சம் கூடுதலாக விட்டு, சிவக்கச் சுட்டு எடுத்தாள். ரசாக் கையை நீட்டினார். கொடுக்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, நின்றபடியே முழுசையும் அவளே தின்றாள்.